‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நம் லயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு சிறிய டியூஷன் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் ஒரு சொல்லை அகராதியில் தேடினால் பத்துப் பொருள் வருகிறது, அதில் எதை எடுப்பது என்று தெரியாமல் என்னிடம் வருவார்கள். அப்படி அதிகமாகக் கேள்வி வந்த சொல் ‘லைன்’. தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்கிறோம், அந்தச் சொல்லும் இந்தக் கேள்விகளில் வரும். பெற்றோர்களும் கேட்டிருக்கிறார்கள், வாதாடியும் இருக்கிறார்கள். கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

லைன் என்றால் கோடுதானே? இதில் கேட்க என்ன இருக்கிறது?

கோடுதான். ஆனால் வரிசையும் லைன்தான். கவிதையின் ஓர் அடி லைன், நாடகத்தில் நடிகர் பேச வேண்டிய வசனம் லைன், ரயில் பாதை லைன், போன் இணைப்பு லைன், தூண்டில் நரம்பு லைன், துணி காயப்போடும் கொடி லைன், முகத்துச் சுருக்கம் லைன், ஒருவர் செய்யும் தொழில்கூட லைன். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ‘லைன் அண்ட் லெங்த்’ தெரியும். பந்து எந்த நேரில் போகிறது என்பது லைன், எங்கே குத்துகிறது என்பது லெங்த்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்தச் சொல் முதலில் எதைக் குறித்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக்கு மேல் தானாக விளங்கிவிடும்.

முதலில் எதைக் குறித்தது?

கயிற்றை, நூலை.

பழைய ஆங்கிலத்தில் ‘லீனே’ என்றால் கயிறு. அது லத்தீன் ‘லீனியா’விலிருந்து வந்தது. லீனியா என்றால் லினன் நூல். லீனியாவுக்குத் தாய் ‘லீனும்’. அது ஒரு செடியின் பெயர். இப்போது கொழும்பு சுப்பர்மார்க்கெட்டுகளில் உடம்புக்கு நல்லது என்று பக்கெட்டில் விற்கிறார்களே ஆளி விதை, அந்தச் செடிதான். அதன் தண்டை ஊறவைத்து, அடித்து, நார் எடுத்து நூல் திரிப்பார்கள். எகிப்தில் இறந்தவர்களைப் பதப்படுத்திச் சுற்றிய துணி இந்த நாரில் நெய்ததுதான்.

பிறகு பிரெஞ்சு வழியாக ‘லீன்யே’ என்று இன்னொரு சொல் இங்கிலாந்துக்கு வந்தது. அதுவும் அதே லத்தீன் லீனியாவின் பிள்ளை. இரண்டும் ஒன்றாகக் கலந்து இன்றைய லைன் ஆனது. ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு ஊரில் வளர்ந்த இரண்டு பேர் சந்தையில் சந்தித்துக்கொண்ட மாதிரி.

நூல் எப்படிக் கோடு ஆகும்?

வீடு கட்டும் இடத்தில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மேசன் பாஸ் இந்த மூலையில் ஓர் ஆணி, அந்த மூலையில் ஓர் ஆணி அடித்து நடுவே நூல் கட்டுவார். அந்த நூலைப் பார்த்துத்தான் கல் வைப்பார். தச்சர் நூலில் சுண்ணத்தூளோ சாயமோ தடவி, இழுத்துப் பிடித்து, ‘டப்’ என்று ஒரு தட்டுத் தட்டுவார். நூலை எடுத்த பிறகு பலகையில் நிற்பது கோடு. நூல் போய்விட்டது, கோடு இருக்கிறது. அவ்வளவுதான் இந்தச் சொல்லின் வரலாறு.

தமிழுக்கு இது புதிதே இல்லை. நமக்கும் நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம், நூல் என்றால் மேசன் பிடிக்கும் நேர். ‘நூல் பிடித்தாற்போல’ என்கிறோம். மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைக் கற்கும் நூல் தீர்க்கும் என்று நன்னூல் பாயிரத்திலேயே வருகிறது. லத்தீன்காரன் நூலிலிருந்து கோட்டுக்கும் எழுத்து வரிக்கும் போனான். நாம் நூலிலிருந்து புத்தகத்துக்கே போய்விட்டோம். இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் முகம் மலரும். ‘நாங்கள்தான் தூரம் போனோம் சார்’ என்று ஒருத்தி ஒருமுறை சொன்னாள்.

இதே குடும்பத்தில் வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

நிறைய. லினன் துணி நேரான சொந்தம். கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் லின்சீட் எண்ணெய், அதாவது ஆளி விதை எண்ணெய், அதுவும் சொந்தம். தரைக்கு விரிக்கும் லினோலியம், லத்தீனில் லீனும், ஓலியம் இரண்டையும் சேர்த்து உண்டாக்கிய பெயர். ஓலியம் என்றால் எண்ணெய். 1860களில் ஓர் ஆங்கிலேயர் அந்த விரிப்பைக் கண்டுபிடித்தார், ஆளி எண்ணெயை வைத்துத்தான். லிநெட் என்று ஒரு சின்னக் குருவி இங்கிலாந்தில் உண்டு. ஆளி விதையைக் கொறிப்பதால் அந்தப் பெயர். பெண்கள் உள்ளாடைக்குச் சொல்லும் லாஞ்சரி என்ற பிரெஞ்சுச் சொல்லும் இதே வேர்தான். இதை வகுப்பில் சொல்வதில்லை.

வம்சத்துக்கு ஆங்கிலத்தில் ‘லினியேஜ்’ என்பார்கள். அதுவும் நூல் வழி வந்ததே. தமிழில் கொடிவழி என்கிறோம். அவர்களுக்கு வம்சம் நூலாக நீள்கிறது, நமக்குக் கொடியாகப் படர்கிறது. அதே கொடிதான் லயத்து வாசலில் துணி காயவும் கட்டியிருக்கிறது.

கோட்டுச் சட்டையின் உள்ளே தைக்கும் லைனிங்?

அதுவும் லினன்தான். முன்பு உள் துணியாக லினனைத்தான் வைத்துத் தைப்பார்கள். பழக்கம் மாறிப் பட்டும் பொலியெஸ்டரும் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

நாங்கள் இருக்கும் லயம், இந்த லைன்தானா?

ஆம், இதேதான்.

அதிகமாக வாதம் நடக்கும் கேள்வி இதுதான். லயம் என்பது வடமொழிச் சொல், ‘ஆலயம்’ என்பதில் உள்ள லயம், மனிதர்கள் ஒன்றாகக் கலந்து வாழும் இடம் என்பதால் அந்தப் பெயர் என்று ஒரு பெரியவர் என்னிடம் மணிக்கணக்கில் விளக்கினார். கேட்க நன்றாக இருந்தது. லயம் என்று வடமொழியில் ஒரு சொல் இருப்பது உண்மை. ஒன்றில் ஒன்று கரைவது லயம். சங்கீதத்தில் தாள ஓட்டமும் லயம். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழு பேர் படுப்பதைப் பார்த்து ‘லயித்து வாழ்கிறார்கள்’ என்று யாரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு விளக்கம் கசப்பானது. குதிரை கட்டும் ‘லாயம்’தான் லயம் ஆனது என்பார்கள். எங்கள் அம்மாயிகூட அப்படித்தான் சொல்லும். ‘துரைக்குக் குதிரையும் ஒண்ணுதான், நாமளும் ஒண்ணுதான்’ என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடும். சொல்லாராய்ச்சிப்படி இது சரியில்லை, லாயம் வேறு சொல். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயப் பட்டாளத்தில் குதிரைகளை வரிசையாகக் கயிற்றில் கட்டிவைக்கும் இடத்துக்கும் ‘ஹோர்ஸ் லைன்ஸ்’ என்றே பெயர். ஆக, அம்மாயி வேரில் தவறினாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

பழைய தோட்டப் பதிவுகளில் தொழிலாளர் குடியிருப்பு ‘கூலி லைன்ஸ்’ என்றே இருக்கிறது. இன்றும் சிங்களத்தில் ‘லைன் காமர’ என்கிறார்கள். பத்திரிகைகளில் லயன் அறை, லைன் அறை, லயம் என்று மூன்று விதமாகவும் வருகிறது. மூன்றும் ஒன்றே.

லைன் எப்படி லயம் ஆகும்? ‘ன்’ எங்கே, ‘ம்’ எங்கே?

எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். நம் ஆட்கள் வாய்க்கு வந்தபடி மாற்றவில்லை, தமிழ் இலக்கணப்படி மாற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் எழுத்துத் தெரியாதவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில், ‘ஐ’ என்பதும் ‘அய்’ என்பதும் தமிழில் ஒன்றின் இடத்தில் ஒன்று வரும். ஐயா, அய்யா. அதனால் லைன் என்பது ‘லய்ன்’. ஆனால் தமிழ்ச் சொல் ‘ய்ன்’ என்று இரண்டு மெய்யில் முடியாது. நடுவில் ஓர் அகரம் நுழைந்தது. லயன்.

அடுத்து, அஃறிணைப் பெயரின் கடைசியில் னகரமும் மகரமும் இடம் மாறும். அறம், அறன். நிலம், நிலன். முகம், முகன். பாடசாலையில் கடைப்போலி என்று படித்திருப்பீர்கள். லயன், லயம் அதே விதி. 

மூன்றாவதுதான் முக்கியம். ‘ம்’ என்று முடிந்தவுடன் அது தமிழ் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. மரம், மரத்தில், மரத்துக்கு. லயம், லயத்தில், லயத்துக்கு. அத்துச் சாரியை ஏறிக்கொள்கிறது. பஸ் என்ற சொல் எத்தனை வருடமாக நம்மோடு இருக்கிறது? இன்னும் ‘பஸ்ஸில்’தான். அதற்கு அத்து ஏறவில்லை. லயத்துக்கு ஏறியது. ‘லயத்துப் பிள்ளை’, ‘லயத்துக் கோடி’ என்று சொல்லும்போது ஒருவருக்கும் அது ஆங்கிலம் என்று தோன்றுவதில்லை.

ஒரே ஒரு சட்டத்தை மட்டும் நாம் மீறினோம். ‘ல’ தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. இலட்சம், இலாபம் என்று எழுதும் பண்டிதர்கள் ‘இலயம்’ என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டைப் பற்றி அப்படி எழுதியவரை நான் பார்க்கவில்லை.

வரிசை வீட்டுக்கு ‘ரோ’ என்று பெயர் வைத்திருக்கலாமே. ஏன் லைன்?

பட்டாளப் பேச்சு. படைவீரர்களின் கூடாரங்களும் குடிசைகளும் வரிசையாக நிற்கும், அதனால் அந்த இடம் ‘லைன்ஸ்’. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் போன ஊரிலெல்லாம் இந்தப் பெயரை விட்டுவிட்டுப் போனார்கள். டில்லியில் சிவில் லைன்ஸ் என்று ஒரு பகுதியே இருக்கிறது. பொலிஸ் லைன்ஸ் பல ஊரில் உண்டு.

இலங்கை மலைநாட்டில் கோப்பித் தோட்டம் போட்ட முதல் ஆட்களில் பட்டாள அதிகாரிகள் நிறையப் பேர். 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி வைத்தார். ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தோட்டம் போட்டார், அவரும் படைத்தளபதியே. ஆட்களை வரிசையில் குடிவைக்கும் பழக்கம், அதற்குரிய சொல், இரண்டையும் அவர்கள் தங்கள் முகாமிலிருந்து கொண்டுவந்தது இயல்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தைப் பிரட்டுக் களம் என்கிறோமே, அந்தப் பிரட்டும் ‘பரேட்’தான். லைனில் தூங்கி, பரேட்டில் நின்று, வேலைக்குப் போவது. முழுக்க முழுக்கப் படை ஒழுங்கு, சம்பளம் மட்டும் படைச் சம்பளம் இல்லை.

இதில் இன்னொன்று. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். கோப்பியை இலைநோய் பிடிக்கத் தொடங்கியது 1869இல். லைன்கள் அதற்கெல்லாம் முந்தியவை, கோப்பிக் காலத்தவை. நம் பேச்சில் ‘லயம்’ ‘தேயிலை’யை விட மூத்தது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கும்.

காம்பரா, இஸ்தோப்பு எல்லாமும் ஆங்கிலமா?

இல்லை. காம்பரா போர்த்துக்கேயர் கொடுத்தது, அவர்கள் மொழியில் ‘காமரா’ என்றால் அறை. இஸ்தோப்பு டச்சுக்காரர் கொடுத்தது, வாசல் திண்ணைக்கு அவர்கள் சொன்ன ‘ஸ்டூப்’. ஆக ஒரு லயத்துக்குள் நுழைந்தால் ஆங்கிலத்தில் வீடு, டச்சில் திண்ணை, போர்த்துக்கேயத்தில் அறை, அடுப்படிக்கு வந்தால்தான் தமிழ். இலங்கையை ஆண்ட மூன்று பேரும் நம் பத்துக்குப் பன்னிரண்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேறு நாட்டிலும் லயம் என்று சொல்கிறார்களா?

சொல்கிறார்கள். மலேசியாவின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தமிழர்களிடம் லயம் என்று சொல்லிப் பாருங்கள், விளக்கம் கேட்க மாட்டார்கள். கேரளத்தில் மூணாறு தேயிலைத் தோட்டக் குடியிருப்புக்கும் லயம் என்றே பெயர், மலையாளப் பத்திரிகைகளிலும் அப்படியே எழுதுகிறார்கள். 2020 ஆகஸ்டில் அங்கே பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது அந்தச் செய்திகளை வாசித்தேன். 2014 ஒக்டோபர் 29இல் நம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை அப்படியே திரும்ப வாசிப்பது போலிருந்தது. சொல்லும் அதே, சரிந்த மண்ணும் அதே மாதிரி.

அசாமில் ‘லேபர் லைன்’ என்பார்கள். அங்கே தமிழ் வாய் இல்லாததால் அது லயம் ஆகவில்லை.

வரிசைக்கு நமக்கென்று தமிழ்ச் சொல் இல்லையா?

இருக்கிறது. இருந்த இடத்தை விட்டு அது போகவும் இல்லை. மலைக்குப் போங்கள்.

கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுப்பார். அதற்குப் பெயர் நிரை. பேச்சில் ‘நெர’. ‘என் நெரையில வராத’, ‘நெரைய முடிச்சிட்டுத் தண்ணி குடி’ என்று நாள் முழுக்கக் கேட்கலாம். நிரை சங்க காலத்துச் சொல். யாப்பிலக்கணத்தில் நேரசை, நிரையசை என்று படிக்கிறோமே, அந்த நிரை. ஆடுமாடு கூட்டத்துக்கும் அது பெயர். பட்டணத்தில் நிரை என்று சொன்னால் தமிழ்ப் பாடம் நடத்துகிறார் என்று நினைப்பார்கள். இங்கே பெயரெழுதத் தெரியாத அம்மாயிகளின் வாயில் அது தினமும் புழங்கியது.

எனக்குத் தோன்றுவது இதுதான். துரை கட்டிய வரிசைக்குத் துரையின் சொல், கை வேலை செய்யும் வரிசைக்கு நம் சொல். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்று. நிரையில் நிற்கும்போது அவள் தமிழில் நிற்கிறாள், லயத்துக்குத் திரும்பினால் ஆங்கிலத்தில் படுக்கிறாள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. லயம் மேசன் நூல் பிடித்துக் கட்டியது, நேராக நிற்கும். நிரை சரிவுக்கு ஏற்றபடி வளைந்து வளைந்து போகும்.

லைனும் லேனும் ஒன்றா?

இல்லவே இல்லை. இதில் நான் பட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஓர் இடத்துக்குப் போன் செய்து இரண்டு அகராதிகள் அனுப்பச் சொன்னேன். முகவரி கேட்டார்கள். தோட்டத்தின் பெயர், மேற்கணக்கு டிவிசன், லைன் நம்பர் ஃபைவ் என்றேன். எழுதிய பிள்ளைக்குத் தோட்டத்து லைன் என்றால் என்னவென்று தெரியாது போலிருக்கிறது. ‘ஐந்தாம் லேன்’ என்று எழுதிவிட்டது. லேன் என்றால் ஒழுங்கை, சின்னத் தெரு. கொழும்பில் வீட்டு முகவரிகள் பாதி ஒழுங்கையில்தான் இருக்கின்றன. பார்சல் மூன்று வாரம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, அப்படி ஓர் ஒழுங்கை கிடையாது என்று திரும்பிப் போனது. இரண்டாவது தடவை தோட்ட ஆபிஸ் முகவரிக்கு வரவழைத்தேன். அகராதி வந்ததும் முதலில் பார்த்த சொல் எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

லேன் லத்தீன் சொல் அல்ல, இங்கிலாந்தின் பழைய சொந்தச் சொல். லைனுக்கும் அதற்கும் இரத்த உறவு இல்லை.

லயத்துக்கு முகவரி என்பது பெரிய கதை. தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் கிடைக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த வீடுகள் எங்கள் டிவிசனிலேயே இருக்கின்றன. ஆனால் உள்ளூருக்குள் முகவரி தெளிவாகத்தான் இருந்தது. பத்துக் காம்பரா லயம், தகர லயம், கோயில் லயம், அதில் கோடிக் காம்பரா. சொன்னால் சின்னப் பிள்ளைகூடக் கொண்டுபோய் விடும்.

லயன்ஸ் கிளப்புக்கும் லயத்துக்கும்…?

சம்பந்தமில்லை. அது சிங்கம். ஆனால் கேள்வி நியாயமானது. ஹட்டன் டவுனில் பலகையைப் பார்த்துவிட்டு ‘நம்ம ஆட்களுக்கு ஒரு சங்கமா சார்?’ என்று கேட்ட பையன் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்.

வரிசையில் நிற்பதற்கு லைன் என்பதா, கியூ என்பதா?

அமெரிக்கர்களுக்கு லைன், ஆங்கிலேயர்களுக்குக் கியூ. நாம் ஆங்கிலேயர்களிடம் படித்ததால் கியூ. கியூ பிரெஞ்சுச் சொல், பொருள் வால். 2022இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு வால் என்ற பெயர் சரியாகப் படும். பரீட்சையில் இரண்டையும் ஏற்றுக்கொள்வார்கள்.

டெட்லைனில் ஏன் ‘டெட்’ வருகிறது?

உண்மையாகவே செத்துப்போவதால். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864இல் ஜோர்ஜியா மாநிலத்து அண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உள்ளே ஒரு கோடு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டும் கைதியைச் சுட்டுவிடலாம். அதுதான் டெட்லைன். பிறகு பத்திரிகை அலுவலகங்களுக்குப் போய், நேரத்துக்கு ஆகி, இப்போது வீட்டுப்பாடத்துக்கும் வந்துவிட்டது. என் வகுப்பில் டெட்லைனைத் தாண்டினால் ஒன்றும் ஆகாது, அதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒன்லைனில் உள்ள லைனும் இதேதானா?

அதே லைன்தான், போன் கம்பி வழி வந்தது. கம்பியும் நூல் மாதிரிதானே. இன்றைக்குக் கம்பியே இல்லாமல் காற்றில் வருகிறது, பெயர் கம்பியிலேயே நிற்கிறது.

கொரோனாக் காலத்தில் 2020இல் பாடசாலைகளை மூடி ஒன்லைன் வகுப்பு என்றார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. பிள்ளைகள் ஒரு போனை எடுத்துக்கொண்டு ஐந்தாறு பேராக மலை உச்சிக்கு ஏறினார்கள், மழை வந்தால் குடைக்குள் போனை வைத்துக்கொண்டு தாங்கள் நனைந்தார்கள். லயத்தில் இருந்தால் ஒன்லைன் இல்லை, ஒன்லைன் வேண்டுமானால் லயத்தை விட்டு ஏற வேண்டும். இரண்டும் ஒரே சொல் என்று அப்போது எனக்கே உறைக்கவில்லை.

‘லைன் அடிக்கிறான்’ என்கிறார்களே, அது?

அது தமிழ்நாட்டுச் சினிமாவோடு வந்து சேர்ந்த பேச்சு. இங்கிலாந்துக்காரனிடம் சொன்னால் கோடு போடுகிறான் என்று நினைப்பான். பரீட்சைத் தாளில் எழுதாதீர்கள். ‘லைன் கிளியர்’ வேறு, அது ரயில்காரர்களுடையது. அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலி என்று அர்த்தம். எங்கள் ஊருக்கு ரயில் வந்தது 1884இல், நானுஓயாவுக்கு அடுத்த வருடம், பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. நாற்பது வருடம் லைன் கிளியர் கிடைக்காமல் நின்ற மாதிரி.

இப்போது தனி வீடு வந்துவிட்டது. இனியும் லயம் என்று சொல்லலாமா? கேவலமாக இல்லையா?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் தனி வீட்டுக்குப் போனவர்கள். ஏழு பேர்ச் காணியில் வீடு, இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 என்று அறிவித்தது எல்லாம் தெரிந்ததுதான். போனவர்கள் போனார்கள். லயத்தில் இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர்.

என் எண்ணத்தைக் கேட்டால், சொல்லில் கேவலம் எதுவும் இல்லை. கேவலம் இருந்தால் அது வீட்டைப் பத்துக்குப் பன்னிரண்டாகக் கட்டி நூறு வருடம் அப்படியே விட்டதில் இருக்கிறது. ‘தோட்டக்காட்டான்’ என்பது ஏச்சு, அதை யாரும் சொல்லக் கூடாது. லயம் இடத்தின் பெயர். ஆனால் புது வீட்டுக்குப் போன ஒருவர் தன் வீட்டை லயம் என்று சொல்லாதே என்றால், சொல்லாமல் விடுங்கள். அது அவர் வீடு. என் அக்கா தனி வீட்டுக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. இன்னும் ‘லயத்துப் பக்கம் போயிட்டு வாறேன்’ என்றுதான் பழைய வாசலுக்குப் புறப்படும்.

ஆங்கிலக் கட்டுரையில் எங்கள் வீட்டைப் பற்றி எப்படி எழுதுவது?

‘லைன் ரூம்’ என்று எழுதுங்கள், இலங்கை ஆங்கிலத்தில் அதுதான் வழக்கம். வெறுமனே லைன் என்று எழுதினால் வெளியூர்க்காரருக்கு விளங்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘ஐ லிவ் இன் எ லைன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். பிழை என்று சிவப்பு மையில் அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். போட்டபிறகு அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் ‘ரூம்’ என்று மட்டும் சேர்த்துக் கொடுத்து, முழுப் புள்ளி போட்டேன்.